தேங்காய் உடைத்துப் பாஸான கதை

எல்லோரும் படித்துப் பாஸாவார்கள். நான் தேங்காய் உடைத்துப் பாஸானவள். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமே கிடையாது.

தஞ்சாவூரில் கணினி அறிவியல் படித்த காலம். அல்காரிதம் பாடத்தில் ஆளுக்கொரு தலைப்பை வகுப்பின் முன் விளக்க வேண்டும். முந்தைய முறை "குட்மார்னிங் சார்" என்றதோடு ஊமையாகிவிட்டேன். (குட்மார்னிங்கை மட்டும் அருமையாகச் சொன்னேன்.) இந்த முறையும் சொதப்பினால் அரியர். அரியர் இருந்தால் கேம்பஸ் இன்டர்வியூ பக்கம் தலைவைக்க முடியாது.

எனக்கு வந்தது 'பபிள் சார்ட்'. பக்கத்துப் பக்கத்தில் இருப்பவற்றை ஒப்பிட்டு, இடம் மாற்றி மாற்றியே வரிசைப்படுத்தும் முறை. பவர்பாயின்ட் எல்லாம் சாமானியர்களுக்கு. நான் பட்டுக்கோட்டைத் தேங்காய் வியாபாரியின் மகள்! அப்பாவின் தராசையும் ஒரு மூட்டைத் தேங்காயையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினேன்.

எடை போட்டு மாற்றி வைக்கத் தோழி ரிஸ்வானா. பலகையில் விதியை எழுதினேன்: இடப்பக்கக் காய் கனமாகவோ சமமாகவோ இருந்தால் இடம் மாற்று, ஒரு சுற்றில் எதுவுமே மாறாவிட்டால் நிறுத்து. பேச்சு மடை திறந்தாற்போல் வந்தது. காய்களும் சமர்த்தாக வரிசைக்கு வந்தன, இரண்டைத் தவிர.

அந்த இரண்டும் இம்மி பிசகாமல் ஒரே எடை. ரிஸ்வானா மாற்றினாள். அடுத்த சுற்றிலும் மாற்றினாள். அதற்கடுத்த சுற்றிலும். வகுப்பு சிரிக்கத் தொடங்கியது.

"போதும்டி, நிறுத்து" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீதானே எழுதிப் போட்டிருக்கே, சமமா இருந்தா மாத்தணும்னு?"

மார்க் போட உட்கார்ந்திருந்த துறைத்தலைவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு, "இது எப்பம்மா முடியும்?" என்றார்.

ஆத்திரத்தில் அவள் கையிலிருந்த காயைப் பிடுங்கினேன். அது நழுவி, துறைத்தலைவரின் காலடியில் விழுந்து சிதறியது. பிள்ளையார் கோயில் வாசல் என்று நினைத்தார்களோ என்னவோ, மொத்த வகுப்பும் பாய்ந்து சில்லு பொறுக்கியது.

அவர் பேன்ட்டைத் துடைத்துக்கொண்டு, "சரி, இப்ப?" என்றார்.

அப்போதுதான் எனக்கே விளங்கியது. ஓடிப்போய்ப் பலகையிலிருந்த 'சமமாகவோ'வை அழித்தேன்.

"சார், சமமா இருக்கறதையும் மாத்திக்கிட்டே இருந்தா புரோகிராம் நிக்கவே நிக்காது. நிறைய பேர் பண்ற தப்பு இது. அதைத்தான் நேர்ல காட்டினேன்!" (பச்சைப் பொய். ஆனால் குரல் நடுங்கவில்லை.)

அவர் என்னையே பார்த்தார். பிறகு ஒரு சில்லை எடுத்துக் கடித்தபடி, "இந்த வருஷம் எனக்கே நல்லாப் புரிஞ்ச பிரசென்டேஷன் இது ஒண்ணுதாம்மா" என்றார். கைதட்டலில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கேம்பஸ் இன்டர்வியூவிலும் இதே கதையைச் சொல்லித்தான் வேலையை வாங்கினேன்.

இப்போது நானும் என் கணவரும் வாக்குவாதத்தில் இறங்கினால் இருவருமே விட்டுக்கொடுப்பதில்லை. பேச்சு சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்து நிற்கும். அடுத்த அறையிலிருந்து அப்பா குரல் கொடுப்பார்:

"ரெண்டும் ஒரே எடை. மாப்பிள்ளை, நீங்க கொஞ்சம் தள்ளியே நில்லுங்க. போன தடவை காயை உடைச்சுத்தான் முடிச்சா!"