நிக்கல் பூசிய யானைக் காசு

பளபளப்பாக இருப்பதெல்லாம் நல்லது என்று நம்புகிறவர்கள் ஒரு தனி ஜாதி. அந்த ஜாதிக்குத் தலைவனாக நான் இருந்த காலம் ஒன்று உண்டு. பொம்மசந்திராவில் ஒரு சின்ன நிக்கல் பூசும் பட்டறையில் எனக்கு வேலை. ஸ்கூட்டர் கைப்பிடி, குழாய், கதவுத் தாழ்ப்பாள் என்று எது வந்தாலும் தேய்த்து, தொட்டியில் முக்கி, முகம் பார்க்கிற அளவுக்கு மின்ன வைத்து அனுப்புவோம். குடியாத்தத்திலிருந்து வந்த ஆரோக்கியசாமியாகிய எனக்கு அந்த மினுமினுப்புதான் பெங்களூர்.

தொண்ணூறுகளின் நடுவில், எங்கள் அத்தை எனக்கு ஒரு சம்பந்தம் கொண்டுவந்தாள். காக்ஸ் டவுனில் வீடு. பெண் பெயர் ஜெசிந்தா, பள்ளிக்கூட டீச்சர். அப்பா இருதயராஜ், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பெண் பார்க்கப் போன அன்று ஜெசிந்தா காபி தம்ளரை நீட்டிவிட்டு, என் சட்டையின் முதல் பொத்தான் தவறான ஓட்டையில் மாட்டியிருப்பதைக் கண்ணாலேயே காட்டினாள். அந்த நொடியே நான் முடிவு செய்துவிட்டேன். கட்டினால் இவளைத்தான் கட்டுவது.

ஆனால் இருதயராஜ் சார் முடிவு செய்யவில்லை. மேஜைமேல் தடித்த ஆல்பம் ஒன்றும் ஒரு பூதக்கண்ணாடியும் இருந்தன. ஆல்பம் முழுக்கப் பழைய காசுகள்.

"தம்பிக்கு வேலையத் தவிர வேற இன்னா இன்ட்ரெஸ்ட்டு?" என்று கேட்டார்.

(தூக்கம் என்பதுதான் உண்மையான பதில்.) என் கண் ஆல்பத்தில் இருந்தது. வாய் தானாகத் திறந்தது. "பழைய காசு சேக்கறேன் சார்."

அந்த மனிதர் முகத்தில் விளக்குப் போட்டது போல ஒரு வெளிச்சம். உள்ளே போய் ஒரு சின்னக் காகித உறையைக் கொண்டுவந்தார். அதற்குள் கறுத்துப்போன ஒரு வட்டத் துண்டு. எங்கள் பட்டறையில் இதைவிடச் சுத்தமான பொருளையெல்லாம் கழிவில் போட்டிருக்கிறோம்.

"இது எந்த ராஜா காலத்துதுன்னு கண்டுபிடிச்சுட்டு அடுத்த ஞாயித்துக்கெழம வா. ஓரத்த மட்டும் புடி. முகத்துல வெரல் படக் கூடாது. வேர்வ பட்டா காசு கெட்டுப்பூடும்."

கேட் வரைக்கும் வந்த ஜெசிந்தா மெல்லச் சொன்னாள்: "அப்பா அந்தக் காச எங்களயே தொட விடமாட்டாரு. பாத்துக்கோங்க." அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தைகள் அவை. அதில் இருந்த எச்சரிக்கை எனக்கு எட்டவில்லை. குரல் மட்டும் எட்டியது.

அறைக்கு வந்து காசைப் பார்த்தேன், பார்த்தேன், பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஏதோ ஒரு மேடு, ஏதோ ஒரு பள்ளம். நூலகத்துக்குப் போய்க் காசு பற்றிய புத்தகம் ஒன்றைப் புரட்டினேன். முன்பக்கம் என்ன உருவம், பின்பக்கம் என்ன எழுத்து, எந்த ஊர் நாணயச்சாலை என்று பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அதே புத்தகத்தில், காசைச் சுத்தம் செய்வது பற்றித் தனியாக ஓர் அத்தியாயமும் இருந்தது. அது நமக்குத் தெரிந்த வேலைதானே என்று அதைப் படிக்காமல் மூடிவிட்டேன். என் வாழ்க்கையில் நான் படிக்காமல் விட்ட பக்கங்களில் அவைதான் விலை உயர்ந்தவை.

முதலில் புளியும் உப்பும். கறுப்பு கொஞ்சம் விட்டது, ஆனால் காசு சொறி பிடித்தது போல ஆகிவிட்டது. இந்தக் கோலத்தில் எப்படி எடுத்துக்கொண்டு போவது? மறுநாள் பட்டறைக்குக் கொண்டுபோனேன். கையுறை போட்டுக்கொண்டு, ஓரத்தை மட்டும் பிடித்து, மெருகேற்றச் சுழலும் பஃப்பிங் சக்கரத்தில் காட்டினேன். (விரல் படவில்லை பாருங்கள். பெரியவர் சொல்லைத் தட்டவில்லை.) செம்பு தகதகவென்று வந்தது. பக்கத்தில் நின்ற மஞ்சுநாத் எட்டிப் பார்த்தான்.

"ஏனு குரு இது? பட்டனா?" என்ன இது என்று கன்னடத்தில் கேட்டான்.

"பொண்ணு வீட்டுக் காசுடா."

"அய்யோ, அப்ப சும்மா வுடக் கூடாது. நிக்கல் ஹாக்கோணா?"

நிக்கல் போடலாமா என்று கேட்கிறான். நண்பன் என்றால் இவனல்லவா நண்பன்! தொட்டியில் முக்கி எடுத்தோம். ஜிலுஜிலுவென்று வந்தது. அப்போதுதான் உருவமும் தெளிவாகத் தெரிந்தது. நான்கு குட்டைக் கால்கள், உருண்ட வயிறு, மொண்ணையான மூக்கு. பன்றி! விஜயநகர அரசர்களின் சின்னம் வராகம் என்று நூலகத்தில் படித்தது பளிச்சென்று நினைவுக்கு வந்தது. சந்தோஷத்தில் மஞ்சுநாத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, பொத்தானை இருமுறை சரிபார்த்துவிட்டு, காக்ஸ் டவுன் போனேன். அப்பா, அம்மா, பெண் மூன்று பேரும் கூடத்தில் இருந்தார்கள். நகைக்கடைச் சிவப்புக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்த காசை மேஜைமேல் பிரித்தேன். ஜன்னல் வெயில் பட்டுக் காசின் ஒளி கூரையில் போய் ஆடியது.

"வராகம் சார்! விஜயநகரக் காசு!" என்றேன்.

இருதயராஜ் சார் பூதக்கண்ணாடியை எடுத்தார். முன்பக்கம் பார்த்தார். திருப்பினார். பின்பக்கத்தில் எழுத்தே இல்லை. அவர் முகம்தான் தெரிந்தது.

"யான எங்கப்பா?" என்றார்.

"எந்த யானை சார்?"

"இதுல ஒரு யான இருந்துச்சு. தும்பிக்க இருந்துச்சு. வாலு இருந்துச்சு. திப்பு காலத்து யானக் காசுப்பா இது. ஸ்ரீரங்கப்பட்டணம் ஸ்டேஷன்ல வேல பாத்தப்ப, மழ பேஞ்ச மறுநாள் மண்ணுல கெடச்சது. என் மொத காசு." அவர் குரல் இறங்கியது. "அந்தக் கறுப்பு அழுக்கு இல்ல தம்பி. அதான் அதோட தோலு. அதனாலதான் இத்தினி வருசம் உள்ள இருந்த யான பொழச்சுது."

புளியில் ஆரம்பித்து நிக்கல் தொட்டி வரை எல்லாவற்றையும் ஒப்பித்தேன். காசு சேர்ப்பவன் இல்லை நான், ஆல்பத்தைப் பார்த்துச் சொன்ன பொய் அது என்பதையும் சேர்த்துக் கொட்டிவிட்டேன். "உங்களுக்குப் புடிக்கணும்னு பண்ணேன் சார். எனக்குத் தெரிஞ்ச வேல இது ஒண்ணுதான்."

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். முடிந்தது, குடியாத்தம் பஸ் எத்தனை மணிக்கு என்று யோசித்தேன். அப்போது ஒரு சத்தம். ஜெசிந்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பொத்தியும் பயனில்லை.

"வராகம்!" என்றாள். அவ்வளவுதான், அடக்கியதெல்லாம் வெடித்துக்கொண்டு வந்தது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும், இவள் கிடைக்காமல் போனால் என்ன செய்வேன் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவள் அம்மா பிலோமினாவோ காசை எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒரு காசத் தேய்க்க வுடல இந்த மனுசன். எவ்ளோ அழகா இருக்கு! ஏம்பா, நம்ம மாதா முன்னாடி ஏத்தற மெழுகுவத்தி ஸ்டாண்டு ரெண்டு இருக்கு. அதுக்கும் இந்த மாதிரி போட்டுத் தருவியா?"

"அம்மா!" என்றாள் ஜெசிந்தா, சிரிப்பு நிற்காமலே. பிறகு உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள்: "அப்பா, பொய்ய சொன்னாலும் அத ஒரு வாரத்துக்கு மேல வச்சிக்கத் தெரியல இவருக்கு. எனக்கு ஓகே."

இருதயராஜ் சார் உள்ளறை வாசற்படியில் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது. ஆனால் உதட்டோரம் ஏதோ துடித்தது.

"பொண்ணக் குடுக்கலாம்," என்றார். "அவளத் தேய்க்க முடியாது, தேய்க்கப் போனா இவனத் தேய்ச்சுடுவா. ஆனா இனிமே ஒரு காசு குடுக்க மாட்டேன்."

இரண்டு வாக்கையும் காப்பாற்றினார். மெழுகுவத்தி ஸ்டாண்டுகள் இன்றும் எங்கள் மாமியார் வீட்டில் கண்ணைப் பறிக்கின்றன. நானும் பிறகு உண்மையிலேயே காசு சேர்க்க ஆரம்பித்தேன். என்னுடையவை எல்லாம் கன்னங்கரேலென்று இருக்கின்றன. தூசிகூடத் தட்டுவதில்லை. விசேஷ நாட்களில் வெள்ளிப் பாத்திரத்தைத் துடைக்கிற வேலையை மட்டும் வீட்டில் எனக்குக் கொடுப்பதில்லை. "வேணாம், கைப்பிடி போயிடும்" என்கிறாள் என் மகள்.

அந்தக் காசை மாமனார் தூக்கிப் போடவில்லை. ஆல்பத்தில் திப்பு பக்கத்துக்கும் கிழக்கிந்தியக் கம்பெனி பக்கத்துக்கும் நடுவே தனிப் பக்கம் ஒதுக்கி, மற்றக் காசுகளுக்கு எழுதுவது போலவே இதற்கும் ஒரு சீட்டு எழுதி வைத்தார். யார் வீட்டுக்கு வந்தாலும் ஜெசிந்தா அந்தப் பக்கத்தைத் திறந்து உரக்கப் படித்துக் காட்டுவாள்.

"அரசர்: ஆரோக்கியசாமி. நாணயச்சாலை: பொம்மசந்திரா. உருவம்: முன்பு யானை. கிடைப்பது: உலகில் இது ஒன்றுதான்."

படித்து முடித்து, என் பக்கம் திரும்பி, "நல்ல வேள" என்பாள்.