மயிலின் கழுத்தும் ஜீப்பின் பேக்கிங்கும்

என் கைக்குத் தெரிந்தது ஒரே தொழில். நெசவு. இதை நானே ஒப்புக்கொண்டு சும்மா இருந்திருந்தால் ஒரு ஜீப்பும் ஒரு மயிலும் பிழைத்திருக்கும்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய ராணுவ ஜீப் இருக்கிறது. அப்பா ஏலத்தில் எடுத்தது. உலகப் போர்க் காலத்து வண்டி என்று சொல்லிக் கொடுத்தார்களாம். யாரைத் துரத்தியதோ, யாருக்குப் பயந்து ஓடியதோ, தெரியாது. எங்களிடம் வந்த பிறகு அதற்கு வருஷத்தில் ஒரு வேலைதான். ஆடிக் கிருத்திகை அன்று எங்கள் தெருக்கோயில் முருகனை வள்ளி தெய்வானையோடு ஏற்றிக்கொண்டு நான்கு தெரு சுற்றி வரும். அப்பாவுக்குப் பிறகு ஓட்டும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. வாழ்க்கையில் நான் வகித்த ஒரே பதவி அதுதான். (சம்பளம் சுண்டல்.)

வண்டிக்கு ஒரு குறை. ஆயில் ஒழுகும். போகிற வழியில் எல்லார் வீட்டுக் கோலத்துக்கும் கறுப்புப் பொட்டு வைத்துக்கொண்டே போகும்.

பத்து வருஷத்துக்கு முன்னால், கிருத்திகைக்கு ஒரு மாதம் இருக்கும்போது, எதிர்வீட்டு தனலட்சுமியக்கா என்னை வாசலில் நிறுத்தினார். விழாக் குழுவில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"இன்னாபா, முருகன் வர்றாரா இல்ல ஆயில் வண்டி வருதா? இந்த வருஷம் என் கோலத்துல ஒரு சொட்டு உழட்டும், அடுத்த வருஷம் ஐயம்பேட்டையிலருந்து டிராக்டரு சொல்லிடுவேன். அப்புறம் வந்து அழுதுக்கினு நிக்காத."

எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. முருகன் டிராக்டரில் போவார், நான் கும்பலில் நின்று எட்டிப் பார்த்துக் கும்பிட வேண்டும்.

மெக்கானிக் மஸ்தான் பாயைக் கூட்டி வந்தேன். வண்டிக்கு அடியில் படுத்தபடியே பேசினார்.

"அண்ணே, அடியில ஆயில் நிக்குற தொட்டி இருக்குது பாருங்க, அதுக்கும் இன்ஜினுக்கும் நடுவுல வெக்கிற பேக்கிங் உளுத்துப் பூடுச்சு. இந்த வண்டிக்கு ரெடிமேடா கெடைக்காது, ஷீட்டு வாங்கி வெட்டணும். எனக்கு ஆற்காட்டுல கல்யாணம் ஒண்ணு இருக்குது. முடிச்சிக்கினு, கிருத்திகைக்கு மூணு நாள் முன்னாடி வந்து போட்டுத் தர்றேன். அதுவரிக்கும் கை மட்டும் வெக்காதீங்க."

அந்தக் கடைசி வரியை அவர் சொல்லியிருக்கக் கூடாது.

ஷீட்டு என்றால் என்ன, அட்டைதானே? எங்கள் வீட்டில் அட்டைக்கா பஞ்சம்? சேலையில் டிசைன் விழுவதற்காக, ஓட்டை குத்திய அட்டைகளை நூலில் மாலைபோலக் கோத்துத் தறிக்கு மேலே இருக்கும் பெட்டியில் மாட்டுவோம். ஒவ்வொரு அட்டையும் டிசைனில் ஒரு வரி. எங்கே ஓட்டையோ அங்கே ஜரிகை தெரியும். பரணில் அப்படி ஒரு கட்டு கிடந்தது. பழசு என்று நானே முடிவு செய்துகொண்டேன். என் மனைவி மல்லிகாவை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். (அவளும் நெய்கிறவள்தான். என்னைவிட நன்றாக நெய்வாள். அதனால்தான் கேட்கவில்லையோ என்னவோ.)

ஆயில் ஒழுகக் கூடாது அல்லவா? அதனால் ஓட்டை குறைவாக உள்ள அட்டையாகப் பார்த்துப் பொறுக்கினேன். என் புத்திசாலித்தனம் எனக்கே பிடித்திருந்தது. கட்டின் நடுவே வரிசையாகப் பன்னிரண்டு அட்டை, ஒவ்வொன்றிலும் நாலைந்து ஓட்டைதான். அறுத்து எடுத்தேன். அதோடு விட்டிருந்தாலும் தப்பித்திருப்பேன். ஆனால் நூல் அறுந்து தொங்கினால் நெசவாளி கை சும்மா இருக்காது. இரண்டு முனையையும் இழுத்துச் சேர்த்து, எடுத்த சுவடே தெரியாமல் முடிந்து, கட்டைப் பழையபடி பரணில் வைத்துவிட்டேன்.

அட்டைகளைத் தொட்டியின் விளிம்புக்கு ஏற்றபடி வெட்டி, பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்கு, போடுகிற கஞ்சியால் ஒட்டினேன். ஓட்டைகளையும் கஞ்சியாலேயே அடைத்தேன். "முருகா, முருகா" என்று போல்ட்டுகளை முறுக்கினேன். பாவு நூலை விண்ணென்று தெறிக்கும்வரை இழுத்துக் கட்டிப் பழகிய கை, போல்ட்டையும் அப்படியே முறுக்கியது. ஆயில் ஊற்றி, அடியில் ஒரு வெள்ளைத் துண்டு விரித்தேன். மறுநாள் காலை துண்டில் ஒரு சொட்டு இல்லை. (இன்ஜினை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.) உடனே போன் போட்டேன்.

"பாய், முருகன் அருளால சரியாயிடுச்சு. நீங்க மெதுவா பிரியாணி துன்னுட்டு வாங்க."

இரண்டு வாரம் போனது. ஒரு நாள் தறியிலிருந்து மல்லிகாவின் குரல்.

"ஏங்க, இங்க கொஞ்சம் வாங்க."

வள்ளிக்கும் தெய்வானைக்கும் வருஷா வருஷம் எங்கள் வீட்டுப் பட்டு சாத்துவது வழக்கம். அந்த வருஷம் அவள் பரணில் இருந்த அதே கட்டை எடுத்து மாட்டி மயில் டிசைன் போட்டிருந்தாள். பார்த்தேன். கால் இருந்தது, தோகை இருந்தது. உடம்புக்கு மேல் நேராகத் தலை உட்கார்ந்திருந்தது, ஆமை எட்டிப் பார்ப்பதுபோல.

"கழுத்து எங்க?" என்றாள்.

மயிலுக்குக் கழுத்து மெலிசு. மெலிசான இடத்துக்கு ஓட்டை குறைவு. இந்தக் கணக்கு எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"ஜீப்புல இருக்குது" என்றேன்.

முழுக் கதையையும் கேட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"புது அட்ட குத்திக்கினு வர்றதுக்குள்ள கிருத்திக பூடும். ஒரு மயிலுக்குக் கழுத்து இல்லன்னாதான் தப்பு. அத்தினி மயிலுக்கும் இல்லன்னா அது டிசைனு" என்று சொல்லிவிட்டு அடுத்த மயிலை ஆரம்பித்தாள். "ஆனா அந்த வண்டி மட்டும் ஒழுகட்டும், அப்புறம் இருக்குது உங்களுக்கு."

கிருத்திகை மாலை. மூன்று தெரு தாண்டும்வரை ஒரு சொட்டு விழவில்லை. நான் ஐந்தாறு முறை இறங்கித் தரையோடு தரையாகக் குனிந்து பார்த்தேன். பக்தி முற்றிவிட்டது என்று சிலர் நினைத்துக்கொண்டார்கள். கடைசித் தெரு எங்களுடையது. தனலட்சுமியக்கா வாசலை அடைத்து இழைக்கோலம் போட்டிருந்தார். தீபாராதனைக்கு வண்டியை நிறுத்தினேன். இன்ஜின் கொதித்துக்கொண்டிருந்தது. மணி அடித்த நேரம், அடியில் ஏதோ பிய்ந்த சத்தம்.

ஒரு சொட்டும் விழவில்லை. குழாயைத் திறந்த மாதிரி கொட்டியது.

"அண்ணே, ஆஃப் பண்ணு! இன்ஜின் ஜாமாயிடும்!" என்று மஸ்தான் பாய் ஓடி வந்தார். அடியில் குனிந்து, நைந்துபோன ஒரு பட்டையை உருவி எடுத்தார். "இன்னாண்ணே இது? கஞ்சி வாசன வருது! போல்ட்ட இந்த முறுக்கு முறுக்கினா தொட்டி விளிம்பு வளையாம இன்னா பண்ணும்?"

"அது மயிலு கழுத்து பாய்" என்றாள் மல்லிகா, தெருவுக்கே கேட்கும்படி.

எல்லாரும் சிரித்தார்கள். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தேன். இன்னும் பாதித் தெரு மீதி இருக்கிறது. சாமி என்னால் நடுவழியில் நிற்கிறார். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வள்ளி, தெய்வானை, கழுத்தில்லாத மயில்கள்.

தனலட்சுமியக்கா கோலத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். விறுவிறுவென்று உள்ளே போனார். துடைப்பத்தோடு வருவார் என்று நினைத்தேன். தெருவில் பாவு நீட்டும்போது கட்டுகிற தடிக் கயிறு இரண்டோடு வந்தார்.

"வேடிக்க பாத்துக்கினு நிக்கிறீங்க? முன்னால கட்டுங்கபா! தேருக்கு இன்னா இன்ஜினா இருக்குது?"

முதல் கயிற்றை அவரே பிடித்தார். தெருவே இழுத்தது. நான் கியரை நியூட்ரலில் போட்டு, திருப்புகிற வேலையை மட்டும் பார்த்தேன். முருகன் ஆடி அசைந்து கோயில் சேர்ந்தார். அவ்வளவு அமைதியாக அவர் அந்த வண்டியில் அதுவரை போனதில்லை.

மறுநாள் தீர்ப்பு வந்தது.

"டிராக்டரு வாணாம். வண்டி உன்னுதே, ஸ்டீரிங்கும் நீயே புடி. சாவிய மட்டும் எங்கிட்ட குடுத்துடு."

பத்து வருஷமாகச் சாவி அவர் வீட்டுப் பூஜை அலமாரியில் இருக்கிறது. ஒவ்வொரு ஆடிக் கிருத்திகைக்கும் முருகன் கயிற்றில்தான் வருகிறார். ஒரு கோலத்திலும் ஒரு சொட்டு விழுவதில்லை. சாவி இல்லாத டிரைவராக நான் உட்கார்ந்திருக்கிறேன். பதவி போகவில்லை, அது போதும்.

எங்கள் வீட்டில் எது காணாமல் போனாலும், டப்பா மூடியோ செருப்போ, பதில் ஒன்றுதான். முந்தாநாள் என் மூக்குக் கண்ணாடியைத் தேடி வீட்டையே கலைத்துக்கொண்டிருந்தேன். மல்லிகா தறியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"ஜீப்புல இருக்குது."

கோபத்தோடு போய்ப் பார்த்தேன். அங்கேதான் இருந்தது.