ஐந்து ஃபில்டரும் ஒரு துணியும்

அன்று வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், ரதிலால். என் மனைவி ஜசுமதி. தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினை மாட்ட வந்த பரேஷ். எதிர்வீட்டு தாராபென், அவரை யாரும் கூப்பிடவில்லை. மெஷினுக்குள் ஐந்து ஃபில்டர்கள்.

மெஷின் வாங்கியது என் முழங்காலுக்காக. வெளியே சொன்ன காரணம் எங்கள் ஊரான பாவ்நகரின் உப்புத் தண்ணீர். எங்கள் ஜைன வீட்டில் குடிதண்ணீரைக் கெட்டித் துணியை இரண்டாக மடித்து வடிகட்டுவோம். அதோடு முடியாது. துணியில் தங்கிய, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் செத்துவிடக் கூடாது. துணியை ஒரு செம்புத் தண்ணீரில் அலசி, அந்த அலசிய நீரைத் தண்ணீர் எங்கிருந்து வந்ததோ அங்கேயே திரும்ப ஊற்ற வேண்டும். தண்ணீர் வருவது மொட்டைமாடித் தொட்டியிலிருந்து. எங்கள் வீடு முதல் மாடி. நடுவில் நாற்பத்திரண்டு படிகள். தினம் ஒரு பானை வடிகட்டுவது அவள். செம்போடு ஏறுவது நான்.

ஐந்து ஃபில்டர் வந்தால் துணிக்கு வேலையில்லை. துணி போனால் செம்பு போகும். செம்பு போனால் படி போகும். எத்தனை முறை கூட்டிப் பார்த்தாலும் கணக்கு சரியாகத்தான் வந்தது. ஜசுமதியும் கேட்டவுடன் சரி என்றாள். நாற்பத்தோரு வருடத்தில் அவள் அப்படிச் சொன்னது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறை என்ன ஆயிற்று என்பதை நான் அப்போதே நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

பரேஷ் மெஷினை மாட்டிவிட்டு விளக்கினான். முதல் ஃபில்டர் மண்ணைப் பிடிக்கும், மாதம் ஒருமுறை கழற்றித் தேய்க்க வேண்டும். மற்றவற்றில் அழுக்கு தேய்த்தால் போகாது, காலம் ஆனதும் மாற்ற வேண்டும். கழற்றுவதும் தேய்ப்பதும் என் பொறுப்பு என்று நான் பெருந்தன்மையாக முந்திக்கொண்டேன். மாதம் ஒரு நாள் தேய்ப்பது எங்கே, தினம் படியேறுவது எங்கே.

பரேஷ் அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"கடைசியா இந்த யூவி விளக்கு இருக்கு பாருங்க ஜசுபென். ஒரு உயிர் தப்பாது. அத்தனையும் கொன்னுடும்."

தாராபென் வாயருகே கொண்டுபோன மொறுமொறு காக்ரா ரொட்டி அங்கேயே நின்றது. எறும்புக்கு வழி விட்டு நடக்கிற வீடு எங்களுடையது.

"கொன்னுடுமா?" என்றாள் ஜசுமதி. குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

"ஒண்ணு விடாம."

நான் பரேஷின் காலை மிதித்தேன். எனக்குத் தலைசுற்றல் என்று நினைத்து அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"அப்ப ஒரு உயிரும் அதுக்குள்ள போகக் கூடாது. துணியில வடிகட்டித்தான் மெஷினுக்குக் குடுக்கணும்," என்றாள்.

தண்ணீர் குழாய் வழியாக நேரே உள்ளே போகிறது, நடுவில் துணி பிடிக்க முடியாது என்று எடுத்துச் சொன்னேன்.

"அதுக்கென்ன ரதிலால் பாய்," என்றான் பரேஷ். "குழாயைப் பானையில விட்டா மெஷினே உறிஞ்சிக்கும்."

இவனுக்கு நான் இரண்டு முறை தேநீர் கொடுத்திருந்தேன்.

துணி திரும்பி வந்தது. செம்பும் வந்தது. போகட்டும், பழைய கணக்குதானே என்று தேற்றிக்கொண்டேன். அதற்குள் அவள் கண் ஒரு மெல்லிய குழாயில் விழுந்தது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் வந்தால் மூன்று லிட்டர் அந்த வழியாகச் சாக்கடைக்குப் போகும் என்றான் பரேஷ். தண்ணீரை நெய்போலச் செலவழி என்பார்கள் எங்களவர்கள். நெய்யை யாரும் சாக்கடையில் விடுவதில்லை.

ஜசுமதி விரல் விட்டு எண்ணினாள். "குடிக்கப் பன்னெண்டு லிட்டர். அதுக்கு நாப்பத்தெட்டு லிட்டர் வடிகட்டணும். நாலு பானை, நாலு செம்பு. நாலு தடவை மேல போறீங்க."

"நாலா?"

"மீதி முப்பத்தாறு லிட்டர், மூணு வாளி. தாரா, இந்த மாசம் மாடிப்படி கழுவுற முறை யாரோடது?"

"உங்களோடதுதான். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"எப்படியும் ஏறுறீங்க. இறங்கும்போது தொடைச்சிக்கிட்டே வந்துடுங்க. எறும்பு இருந்தா முதல்ல பூந்துடைப்பத்தால மெதுவா ஒதுக்கிடுங்க."

மெஷினைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியுமா என்று பரேஷைத் தனியாகக் கேட்டேன். சுவரில் நான்கு ஓட்டை போட்டாயிற்றே என்று அவன் வருத்தப்பட்டான்.

சாயங்காலத்துக்குள் நான்கு முறை ஏறினேன். ஒதுக்கிய எறும்புகள் பதினேழு, ஒன்றுக்கும் சேதமில்லை. மூன்றாவது வாளி காலியானபோது மேலிருந்து முப்பத்தோரு படிகள் பளபளத்தன. ஜசுமதி வாசலில் நின்று எட்டிப் பார்த்து, தண்ணீர் தீர்ந்துவிட்டதா என்று கேட்டாள். தீர்ந்துவிட்டது என்றேன், கொஞ்சம் மகிழ்ச்சியாகவே.

"கவலைப்படாதீங்க. அஞ்சாவது பானை வடிகட்டி மெஷினுக்குக் குடுத்துட்டேன். செம்பு ரெடி."

மிச்சம் பதினோரு படிகள்.