குழம்பு அண்ணாச்சி

சங்கரன்கோவிலில் எந்த வீட்டில் என்றைக்கு என்ன குழம்பு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர் குழம்பு அண்ணாச்சி ஒருவர்தான். அவருக்குச் சம்பளமே அதற்குத்தான் என்று கிண்டல் செய்வோம். கொரோனா ஊரடங்கில் தறி நின்றுபோன வீடுகளுக்கு அரிசி, பருப்பு கொடுத்த தொண்டு நிறுவனம் எங்களுடையது. நான் சாமான் அனுப்புகிறவன். கொடுத்தது பயன்பட்டதா என்று விசாரித்துச் சொல்லும் மதிப்பீட்டு அதிகாரி அவர்.

நேரில் போக வழியில்லை, எல்லாம் போனில்தான். தலைமை அலுவலகம் அனுப்பிய முதல் கேள்வி, ‘சாப்பிட்டீர்களா?’ நம் ஊரில் இதற்கு யார் “இல்லை” என்பார்கள்? பட்டினி கிடப்பவரும் “ஆச்சு, நீங்க?” என்றுதான் சொல்வார். பதில்களைப் பார்த்தால் ஊரே ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தது. மேனேஜருக்குப் பரம சந்தோஷம். அடுத்த லோடையும் அப்படியே அனுப்பச் சொல்லிவிட்டார்.

அண்ணாச்சி மட்டும் நம்பவில்லை. யார் “சாப்பிட்டாச்சு” என்றாலும், “என்ன கொழம்பு?” என்று பிடித்துக்கொள்வார். தேங்காய் அரைத்ததா, தாளித்தது கடுகா வடகமா என்று சம்பந்தி வீட்டார்கூடக் கேட்காததையெல்லாம் கேட்பார். “கொழம்பு வேணும்னா தூக்குவாளியோட வாரும் வே” என்று ஒருவர் போனை வைத்தே விட்டார்.

லோடு கிளம்பும் நாளன்று தறிக்காரர் வீட்டு அம்மா ஒருவரும் “சாப்பிட்டாச்சு அண்ணாச்சி” என்றார்.

“என்ன கொழம்பு தாயி?”

அந்த அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“கேஸ் சிலிண்டர் தீந்துட்டு அண்ணாச்சி. பிள்ளையளுக்கு அரிசிய ஊறவச்சுக் குடுக்கேன். பக்கத்து வீட்டுல காய்ச்சல் பயத்துல கதவத் தொறக்க மாட்டேங்காவ.”

அண்ணாச்சி லோடை நிறுத்தச் சொன்னதும் மேனேஜர் தயங்கினார். “திட்டம் முடிஞ்ச பொறவு அறிக்கைல எழுதிக்கிடலாமே அண்ணாச்சி.”

“நாம படிக்கதுக்கு அது போதும் சார். அந்தப் பிள்ளையளு இன்னைக்கில்லா சாப்பிடணும்.”

சொல்லிவிட்டு லாரிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் மேனேஜர் இறங்கிவந்தார். அன்று மாலையே அந்தத் தெருவுக்குச் சோறும் சாம்பாரும் போயின. அடுத்த லோடில் அரிசியைக் குறைத்து சிலிண்டருக்கும் வழிசெய்தோம். மறுநாள் அந்த அம்மாவே கூப்பிட்டு, “சாம்பார்ல உப்பு கம்மி அண்ணாச்சி” என்றார். “இதுல்லா மதிப்பீடு” என்று அண்ணாச்சி நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது அலையில் அவரையே கொரோனா பிடித்தது. புளியங்குடியில் தனியாக அடைந்து கிடந்தவருக்குப் போன் போட்டேன்.

“நாக்கு செத்துப்போச்சு வே. எதுலயும் ருசி தெரியல. ஆனா சாப்பிட்டாச்சு.”

“என்ன கொழம்பு அண்ணாச்சி?”

அவர் போனை வைத்துவிட்டார். தூக்குவாளியோடு பைக்கை எடுத்தேன். வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து, நான் முதன்முதலாக வைத்த புளிக்குழம்பை ஊற்றிச் சாப்பிட்டவர், நிமிர்ந்து பார்த்தார்.

“கொழம்பு பிரமாதம் வே.”

அவர் வாயிலிருந்து வந்த ஒரே பொய் மதிப்பீடு அதுதான். இன்றைக்கும் எனக்கு அது ஒன்று போதும்.