ஆறாயிரம் அடியும் ஒரு சேவலும்

கண்டி
16.09.2008

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் சிறிதளவு பயத்துக்கும் உரிய கமலா மாமிக்கு, உங்கள் அண்ணன் மகன் மயூரன் பணிவோடு எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நல்ல சுகம். அப்பாவின் சுகத்தைக் கொழும்பிலிருக்கும் உங்கள் கம்பியூட்டரிடம் கேட்டுக்கொள்ளவும்.

இத்தால் கண்டி மாநகர மக்களுக்கும், கடுகண்ணாவைக் கணவாய்க்கு அப்பால் வாழ்வோருக்கும் அறியத்தருவது யாதெனில், டொக்டர் சோதிலிங்கம் அவர்கள் கடந்த ஞாயிறு பின்னேரம் காரில் ஏறாமலே வீட்டுக் கேற்றைத் தாண்டினார். சந்தியில் நின்ற த்ரீவீல்காரர்கள் கார் பழுதாக்கும் என்று நினைத்து மூன்று பேர் ஒன்றாக ஸ்டார்ட் பண்ணினார்கள். அப்பா கையை ஆட்டி மறுத்தார். சரித்திரத்தில் இடம்பெற வேண்டிய இந்தச் சம்பவம் எப்படி உங்கள் இருவருக்கும் இடையில் ரெலிபோன் கதை நின்றுபோகும் அளவுக்கு முற்றியது என்பதை விளக்கவே இக்கடிதம்.

மாமி, அப்பா உங்கள் ஆராய்ச்சியிலிருந்து விலகுவதாகக் கடிதம் எழுதி அலுமாரிக்குள் வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை நல்ல நாளாம், அன்றைக்கு போஸ்ட் பண்ணுவாராம். அவர் விலகினால் மலைநாட்டில் உங்களுக்கு ஒரு டொக்டரும் மிஞ்ச மாட்டார். சீனி வருத்தம் வருமுன் தடுக்கும் கருவியை டொக்டர்மாரே முதலில் ஒரு மாதம் தங்கள் இடுப்பில் கட்டிப் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் நோயாளிகளுக்குக் கொடுக்கலாம் என்று நீங்கள் சட்டம் போட்ட அன்றைக்கே மற்றவர்கள் கழலத் தொடங்கிவிட்டார்கள். ஒருவர் கையெழுத்து வைக்க வேண்டிய இடங்களைப் பார்த்தே களைத்துப் போனார். இன்னொருவர் தன்னுடைய இரத்தத்தைத் தானே சோதித்தால் முடிவு தெரிந்துவிடுமே என்று பயந்து ஒதுங்கினார். அப்பா மட்டும் மாட்டுப்பட்டதற்குக் காரணம், தங்கச்சிக்கு இல்லை என்று சொல்ல அவருக்குத் தெரியாது. “இவள் வாய்ப்பாடு சொல்லேக்கை ஏழாம் வாயில அழுதவள், இப்ப எனக்கு அடி எண்ணுறாள்” என்று புறுபுறுத்துக்கொண்டே எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து வைத்தார். அவர் விலகினால் எனக்கும் ஒரு சிறு நட்டம் உண்டு. நோயாளிக்கென்று நீங்கள் அனுப்பிய இரண்டாவது போன், ஆராய்ச்சி முடிந்ததும் எனக்குத்தான் என்று வாக்குக் கொடுத்தீர்கள். அது பெட்டி பிரிக்காமல் அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது என்பதைப் பெருமையுடன் அறியத்தருகிறேன்.

அடி எண்ணும் மெஷினுக்கு அடிமானி என்று தமிழ்ப் பெயர் வைத்தது யார் மாமி? எங்கள் வீட்டில் அந்த உத்தியோகத்தை இத்தனை வருடமும் என் முதுகு சம்பளமில்லாமல் பார்த்து வந்தது. அப்பாவின் இடுப்பிலோ அந்த மெஷின் சும்மா தூங்கியது. நோயாளிகளுக்கு நடக்கச் சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் நடந்ததே தவிர கால் நடக்கவில்லை. வீட்டிலிருந்து மஹய்யாவ டிஸ்பென்சரிக்குக் கார், கார்க் கதவிலிருந்து கதிரை, கதிரையிலிருந்து கார். இதற்கிடையில் உங்கள் கம்பியூட்டர் வேறு ஆங்கில எழுத்தில் தமிழ் மெசேஜ் அனுப்புகிறது. ஆங்கிலத்தில் பெரிய றகரமும் இல்லை, சின்ன ரகரமும் இல்லை, இருப்பது ஒரே ஒரு ஆர். முதல் நாள் மெசேஜை அப்பா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு, நோயாளிகள் நிறைந்திருந்த டிஸ்பென்சரியில் உரக்க வாசித்தார்.

“சீனியைக் குரைக்கவும். இதென்னடா இது? நான் என்ன நாயோ?”

மருந்து கலக்கும் சின்னமுத்து அண்ணன் போத்தலைக் குலுக்குவதை நிறுத்தாமல், “ஒரு தடவ கொரச்சுத்தான் பாருங்களேங்கய்யா. கொழும்புல படிச்சவுங்க சொல்றாங்கன்னா காரணம் இல்லாமயா இருக்கும்?” என்றார். ஹேவாஹெட்டயிலிருந்து வந்திருந்த வீரம்மா ஆச்சி பயந்துபோய், தான் குடிப்பது வெறும் தேத்தண்ணிதான், தனக்குக் குரைக்கிற வைத்தியம் வேண்டாம் என்று எழும்பிவிட்டா.

இந்த நிலைமையில்தான் உங்கள் ஆராய்ச்சியின் மேலுள்ள பற்றினால் நான் களத்தில் இறங்கினேன். ஞாயிறு பின்னேரம் அப்பாவை நடத்திக்கொண்டு வாவிக்கரைக்குப் போனேன். வாவியைச் சுற்றி ஒரு சுற்று என்பது திட்டம். அப்பா, ஆட்கள் உட்காரும் முதலாவது சீமெந்து வாங்கு வரை சுற்றினார். அங்கே வடைக்காரன் நின்றான். “கமலா தடுத்தது மாவும் சீனியும். எண்ணெயைப் பற்றி இன்னும் மெசேஜ் வரேல்லை” என்று சொல்லி இரண்டு வடையை வாங்கிக்கொண்டு குந்திவிட்டார். நான் கெஞ்சினேன், மிஞ்சினேன். பிறகு மரத்துக்குப் பின்னால் போய்ச் சற்று நேரம் இயற்கை அழகை ரசித்தேன். வடை தீர்ந்ததும் அப்பா தானாகவே எழும்பி நடந்தார். நடந்து நேரே சோதனைச் சாவடியில் போய் முட்டினோம்.

சாவடியில் நின்ற சார்ஜன்ட் தொந்தியும் மீசையுமாக நல்ல கம்பீரம். அப்பாவின் இடுப்பில் டிக் டிக் என்று ஒரு பெட்டி சத்தம் போடுவதைப் பார்த்ததும் அந்தக் கம்பீரம் இரண்டடி பின்னால் போனது. “மொகத மே?” என்றார். என்ன இது என்று கேள்வி. இத்தனை வருடம் கண்டியில் சிங்களத்தில் வைத்தியம் பார்த்த அப்பாவுக்கு அந்த நேரத்தில் பயத்தில் எல்லாச் சிங்களமும் மறந்து, தினமும் வாயில் வரும் ஒரேயொரு வசனம்தான் வந்தது. “கொஹெத ரிதென்னே?” என்று சார்ஜன்டைத் திருப்பிக் கேட்டார். எங்கே நோகிறது! சார்ஜன்டின் மீசை துடித்தது. சரியாக அந்தக் கணத்தில் அப்பாவின் போன் ட்ரிங் என்றது. சார்ஜன்ட் பறித்துப் பார்த்தார். உங்கள் கம்பியூட்டரின் திருவாசகம் இதுதான்: “இன்றைய இலக்கு 6000 அடி. இன்னும் அடிக்கவில்லை. உடனே கிளம்பவும். இப்படிக்கு, தலைமை.”

மாமி, யுத்தம் நடக்கும் இந்தக் காலத்தில் இப்படியா எழுதுவது? தமிழ் தெரிந்த கொன்ஸ்டபிள் ஒருவர் ஓடி வந்தார். பாயிஸ் என்று பெயர். வாசித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “டொக்டர், இது அடிக்கிற அடியா, நடக்கிற அடியா, அளக்கிற அடியா? சரியாச் செல்லுங்க.”

பள்ளிக்கூடத்தில் தமிழுக்குப் பரிசு வாங்கிய அப்பா உண்மை பேசினார். “மூண்டுக்கும் ஒரே சொல்தான் தம்பி.”

“அளக்கிற அடியெண்டா, ஆறாயிரம் அடி உசரத்தில ஈக்கிறது நுவரெலியாவாச்சே!”

அவர் சொன்னதில் சார்ஜன்டுக்கு விளங்கிய ஒரே சொல் நுவரெலியா. இலக்கு நுவரெலியா என்று முடிவாகிவிட்டது. அவருடைய கை வோக்கி டோக்கிக்குப் போனது. அந்த இடத்தில் மட்டும் நான் சிரிக்கவில்லை மாமி. அப்பாவின் கை என் கொலரைப் பிடித்தது, பிடித்து என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளியது. வழக்கமாக என் முதுகைத் தேடிவரும் அதே கைதான்.

சார்ஜன்ட் மெசேஜ் வந்த நம்பருக்குத் தன் போனிலிருந்து அழைப்பெடுத்தார். அப்போது பாருங்கள், பின்னேரம் நாலு மணிக்கு, எங்கிருந்தோ ஒரு சேவல் கூவியது. எல்லாரும் மரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். அந்த நொடியில்தான் உங்கள் மருமகன் ஒரு தீரச் செயல் புரிந்தான். அப்பாவின் இடுப்பிலிருந்து அடிமானியைப் பிடுங்கி என் இடுப்பில் மாட்டிக்கொண்டு, “நடக்கிற அடி! நடக்கிற அடி!” என்று கத்தியபடி வாவிக் கட்டுவரை ஓடினேன், அங்கே நின்று துள்ளினேன், திரும்பி ஓடிவந்து ஏறியிருந்த இலக்கத்தைக் காட்டினேன். அதற்குள் சேவலும் ஓய்ந்துவிட்டது. எதிர்முனையில் ஒருவரும் எடுக்கவில்லை. பாயிஸ் சிங்களத்தில் விளக்கினார். சார்ஜன்ட் நம்பாமல் மெஷினைத் தன் பெல்ட்டில் மாட்டி மணல் மூட்டைகளைச் சுற்றி நடந்தார், இலக்கம் ஏறியது, இன்னுமொருமுறை சுற்றினார், இன்னும் ஏறியது, பிறகு சிறுபிள்ளை மாதிரிச் சிரித்தார். சிரித்து முடித்து, அக்கம் பக்கம் பார்த்து, அப்பா முதலில் கேட்ட கேள்விக்கு மெல்லிய குரலில் பதில் சொன்னார்: “கக்குல, டொக்டர் மாத்தயா.” காலாம். மரத்துப் போகிறதாம். அப்பாவுக்கு மறந்திருந்த சிங்களம் முழுவதும் திரும்பி வந்தது. அவரை மணல் மூட்டையில் இருத்தி, சப்பாத்தைக் கழற்ற வைத்து, உள்ளங்காலை ஊசி முனையால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, தண்ணி எத்தனை தரம் குடிக்கிறாய், சோறு எத்தனை கோப்பை தின்னுகிறாய் என்று ஏசத் தொடங்கினார். துவக்கோடு நிற்கிற மனுசன் தலையைக் குனிந்துகொண்டு ஏச்சு வாங்கியதை இந்தக் கண்ணால் கண்டேன். வருமுன் காக்க அவர் பிந்திவிட்டார், ஏற்கெனவே வந்துவிட்டது. ஆனால் சாவடியில் மற்ற ஏழு பேருக்கும் இன்னும் வரவில்லை. ஏழு பேரும் உங்கள் ஆராய்ச்சியில் சேரத் தயாராம்.

எல்லாம் சுபம் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் அப்பாவுக்குப் பயம் கோபமாக மாறியது. “தலைமையாம் தலைமை! கூடப் பிறந்தவனைக் கம்பி எண்ண வைக்கப் பார்த்தவள்!” என்று உங்களுக்கு ரெலிபோன் எடுத்துக் கத்தினார். என்னுடைய கம்பியூட்டர் அப்படியொரு மெசேஜ் அனுப்பவே இல்லை என்று நீங்களும் கத்தினீர்கள். ஆகவே வெள்ளிக்கு முதல் நீங்கள் ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டால் போதும். கம்பியூட்டருக்கு வைரஸ் வந்துவிட்டது என்று சொல்லுங்கள். அப்பா டொக்டர், வைரஸ் என்றால் நம்புவார். அப்பாவைச் சிறையிலிருந்தும், உங்கள் ஆராய்ச்சியை அழிவிலிருந்தும் காத்தவன் என்ற முறையில், கட்டுரை எழுதும்போது எங்காவது ஒரு மூலையில் என் பெயரையும் போட்டால் மறுக்க மாட்டேன்.

மாமாவுக்கு என் வணக்கம். சின்னவளுக்கு என் சார்பில் ஒரு குட்டு. உங்கள் கம்பியூட்டர் நோய் நொடியின்றி நீடூழி வாழ முருகன் துணை.

இங்ஙனம்,
தங்கள் அன்பு மருமகன்
மயூரன்

பி.கு: மாமி, வைரஸ் கதையைச் சொல்ல வேண்டாம். உறைக்குள் வைக்கப் போகும்போது அப்பா அறை வாசலில் வந்து நின்று, “கமலா ரெலிபோன் எடுத்தவளோ?” என்று கேட்டார். காலையிலிருந்து இது மூன்றாம் தடவை. கேட்கும்போது கோபமாகத் தெரியவில்லை.

உங்கள் கம்பியூட்டரில் அந்த மெசேஜைத் தேட வேண்டாம், அது அங்கே இருக்காது. மரத்துக்குப் பின்னால் நான் இயற்கை அழகை ரசித்தது பெருவிரலால். அலுமாரியில் பத்திரமாக இருப்பது போனின் பெட்டி மாத்திரம். வடையோடு குந்தியிருந்தவரைக் கொஞ்சம் அதட்டினால் எழும்புவார் என்று நினைத்தேன். மலைக்குள் சிக்னல் சுற்றித் திரிந்துவிட்டுச் சாவடியில் வந்து இறங்கும் என்று எனக்குத் தெரியாது. தலைமை என்று போட்டது உங்களைப் பகிடி பண்ண. அது வேறு யாருக்கும் வேறு மாதிரிப் படும் என்பது வோக்கி டோக்கியைக் கண்ட பிறகுதான் மண்டையில் ஏறியது. அந்தச் சேவல் என் காற்சட்டைப் பொக்கற்றுக்குள் கூவியது. நான் வாவிக் கட்டுக்கு ஓடியது அதன் கழுத்தை நெரிக்க. தீரச் செயல் அவ்வளவுதான். போன் எனக்கு வேண்டாம். (கொஞ்சம் வேண்டும்.) நீங்களே அப்பாவுக்கு ரெலிபோன் எடுத்துப் பக்குவமாகச் சொல்லுங்கள், நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து.

இந்தக் கடிதத்தை அப்பாவே தபாற்கந்தோருக்கு நடந்து கொண்டுபோகிறாராம். மெஷினையும் மாட்டிக்கொண்டு கேற்றடியில் நிற்கிறார். உறையை நாலு தரம் நக்கி ஒட்டப் போகிறேன். வழியில் அது திறந்துகொண்டால், இன்றைய இலக்கு நான். ஆறாயிரத்துக்குக் குறையாது.