பைய சேச்சியும் ஒரு பச்சை ரவிக்கையும்

திருவனந்தபுரத்தில் அவசரம் என்ற சொல்லையே கேள்விப்படாத ஒரே ஆள் பைய சேச்சிதான். ஆஸ்பத்திரி தீப்பிடித்தாலும், "பைய எழும்புங்க, முதல்ல கால ஊனுங்க" என்றுதான் சொல்வார். அடிபட்ட தொழிலாளிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய வேலைக்குத் திருப்பி அனுப்புவது அவர் உத்தியோகம். கதவில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்று எழுதியிருந்தது. அது எங்கள் யார் வாயிலும் நுழையாததால் இந்தப் பெயர்.

நான் சாலை பஜாரில் ரவிக்கைத் துணி வெட்டுகிறவன். இருபது வருடம். கத்தரியை வைத்துத் தள்ளினால் நூல் பிடித்ததுபோல் ஓடும். ஒரு காலையில் கடை ஷட்டர் வலது கையில் விழுந்தது. தையல் பிரித்த பிறகு விரல்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. முதலாளி அண்ணாச்சி நல்லவர்தான். ஆனாலும், "ஓணத்துக்குள்ள கத்தரி பிடிக்கலேன்னா வேற ஆளப் போடணும்டே, கோவிச்சுக்காத" என்றுவிட்டார்.

சேச்சி கத்தரி தருவார் என்று போனால், துணி காயப்போடும் கிளிப்பைத் தந்தார். பதினைந்து நாள் கொடியில் கிளிப் மாட்டினேன்.

"கத்தரி எப்ப சேச்சி?"

"பைய மதி. மெல்லப் போனாலே போதும். கை எங்கயும் ஓடிப் போகாது கேட்டோ."

பிறகு சமையலறை டைமர் ஒன்றுடன் கடைக்கே வந்துவிட்டார். முதல் வாரம் அரை மணி நேரம் மடிப்பு மட்டும். அடுத்த வாரம் அளப்பு. அதற்கடுத்து பத்து நிமிடம் வெட்டு. டைமர் அடித்தால் பாதித் துணியில்கூடக் கத்தரியைப் பிடுங்கிக்கொள்வார்.

"மீதி?" என்று கேட்டார் துணி வாங்க வந்த அம்மாள்.

"மீதி நாளைக்கு," என்றார் சேச்சி.

"மேடம், இது கடையா ஆஸ்பத்திரியா?" என்று அண்ணாச்சி முனகினார்.

"ரெண்டும்தான் அண்ணாச்சி. நீங்க ஒரு சாயா குடிங்க."

ஓணம் நெருங்க நெருங்க எனக்குப் பொறுக்கவில்லை. சேச்சி வராத ஒரு நாளில் ஒரு மணி நேரம் விடாமல் வெட்டித் தள்ளினேன். மறுநாள் கை போண்டாவாக வீங்கியிருந்தது. சேச்சி திட்டவில்லை. பையிலிருந்து பழைய கிளிப்பை எடுத்து வைத்தார். அதில் இரண்டு வாரம் போயிற்று. தப்பு முழுக்க என்னுடையதுதான்.

கெடு நாளில் அண்ணாச்சியும் சேச்சியும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பச்சைத் துணியை வெட்டினேன். பாதியில் பெருவிரல் மரத்துப்போய்க் கத்தரி சரிந்தது. ஒரு ஓரம் நான்கு விரல் குறைவு. வாங்க வந்தவர் துணியைத் தள்ளிவிட்டுப் போய்விட்டார்.

"அத எனக்குக் கட்டுங்க," என்றார் சேச்சி. "நான் தேடின அளவு இதுதான்."

வெட்டு மேசை வேறொருவருக்குப் போயிற்று. எனக்கு மடித்து அடுக்கும் வேலை. அதுவும் சேச்சி மூன்று நாள் கடையில் நின்று பேசி வாங்கித் தந்தது. பெருவிரல் இன்னும் சரியில்லை. இனிச் சரியாகாது என்று எனக்கே தெரியும்.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது சேச்சி அந்தப் பச்சைத் துணியில் தைத்த ரவிக்கையில் இருந்தார். துணி போதாமல் இடது கை முழங்கை வரை, வலது கை தோளோடு சரி. வரிசையில் இருந்தவர்களிடமெல்லாம் கையைத் தூக்கிக் காட்டி, "இது நம்ம ஆளு வெட்டினதாக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஷட்டர் விழுந்தபோதுகூட அழாத நான் அங்கே அழுதுவிட்டேன்.

சேச்சி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"பைய மதி," என்றார். அன்று மட்டும் டைமர் வைக்கவில்லை.