மங்கு டீச்சரும் என் வாயும்

என் மகள் கோமதி ஐந்து வயது வரை வெளியாளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கண் பட்டுவிட்டது, பயந்த சுபாவம் என்றெல்லாம் ஊரெங்கும் சொல்லித் திரிந்தேன். உண்மையான காரணம் நான்தான். நான் அவளைப் பேச விட்டால்தானே?

இதை என் முகத்துக்கு நேரே சொன்னவர் மங்கு டீச்சர். மலேசியாவில், ஈப்போ சுற்றுவட்டாரத்தில் அவருக்குப் பயப்படாத பிள்ளைகள் ஏராளம். பயப்படாத தகப்பன் ஒருவன்கூடக் கிடையாது.

எழுபதுகளின் கடைசி. செமோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் லோரி ஓட்டினேன், என் மனைவி பார்வதி மரம் சீவிப் பால் வெட்டினாள். ஜனவரியில் பாலர் பள்ளி திறக்கும். அதற்கு முந்தைய இரண்டு மாதமும் மங்கு டீச்சர் சாயங்காலங்களில் வீடு வீடாக வருவார். பழைய சைக்கிள், அதில் தொங்கும், மங்கு என்று நாங்கள் சொல்லும் ஓர் எனாமல் கிண்ணம். அந்த மங்கு கணகணவென்று எங்கள் வரிசை வீடுகளிருந்த லயத்துக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் வாசலுக்கு ஓடி வரும். பெற்றவர்கள் கொல்லைப் பக்கம் ஓடுவார்கள். ஏனென்றால், பிள்ளையைப் பள்ளிக்குத் தயார் செய்ய அவர் பெற்றவர்களைத்தான் பிடிப்பார்.

மண்டோர் மகன் ஐந்து வயதிலும் பால் புட்டியை விடவில்லை. டீச்சர் ஒரு புட்டியில் கோப்பியை ஊற்றி மண்டோர் கையில் கொடுத்தார்.

"குடிங்கண்ணே."

நூறு பேரை அதட்டி வேலை வாங்கும் மனிதர், வாசலில் உட்கார்ந்து ரப்பர் காம்பைச் சப்பினார். மகன் கொஞ்ச நேரம் பார்த்தான். உள்ளே போய் ஒரு கிளாஸை எடுத்து வந்து நீட்டினான்.

"இதுல குடிங்கப்பா. எல்லாரும் பாக்குறாங்க."

அதோடு அந்த வீட்டில் புட்டி ஒழிந்தது.

பிறகு எங்கள் வீடு. டீச்சர் கோமதி முன்னால் உட்கார்ந்தார்.

"உன் பேரு என்னம்மா?"

"கோமதி, டீச்சர்," என்றேன் நான்.

"என்ன சாப்பிட்ட?"

"மீ கோரெங். உறைப்பு இல்லாம."

"யாரு கூட வெளையாடுவ?"

"பக்கத்து வீட்டு கமலா. ஆனா அது கடிக்கும்."

டீச்சர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "தம்பிக்கு நல்லாப் பேச வருது லா. ஜனவரியில நீங்களே போயிச் சேந்துக்குங்க."

பார்வதி அடுப்படியிலிருந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தின வருஷம் எங்கள் லயத்துப் பையன் ஒருவன், ஒண்ணுக்கு வருகிறது என்று சொல்ல வாய் வராமல் தினமும் நனைந்தே வீடு திரும்பினான். ஒரு மாதத்தில் பள்ளியை விட்டே நின்றுவிட்டான். கோமதிக்கும் அந்தக் கதிதானா?

டீச்சர் மங்கில் தண்ணீர் மொண்டு என்னிடம் நீட்டினார். "வாய் நெறைய வச்சிக்குங்க. புள்ள பதில் சொல்ற வரைக்கும் முழுங்கவும் கூடாது, துப்பவும் கூடாது."

அவர் கோமதியைக் கேட்டார். கோமதி என்னைப் பார்த்தாள். நான் மடக்கென்று விழுங்கிவிட்டுப் பதில் சொன்னேன். டீச்சர் மறுபடியும் மங்கை நீட்டினார். மூன்று வாரம் இதே கூத்து. நான் குடித்த தண்ணீரில் என் லோரியை இரண்டு முறை கழுவியிருக்கலாம்.

நாலாவது வாரம் எனக்குச் சளி. மூக்கு அடைத்திருந்தது. வாயிலோ தண்ணீர். "பசிக்குதாம்மா?" என்று டீச்சர் கேட்டார். கோமதி வழக்கம்போல் என்னைப் பார்த்தாள். இந்த முறை விழுங்குவதில்லை என்று நான் வைராக்கியமாக இருந்தேன். கன்னம் உப்பியது, கண் பிதுங்கியது. மூச்சுக்கு வழியே இல்லை.

கோமதி எழுந்து போய் டீச்சரின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், அப்பா செத்துருவாரு. துப்பச் சொல்லுங்க."

வெளியாளிடம் என் மகள் பேசிய முதல் பேச்சு. நான் கால்வாய்க்கு ஓடினேன். திரும்பி வந்தபோது டீச்சர் அவளிடம் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்: "அப்பாவுக்கு வேற என்னம்மா செய்யுது?" கோமதி என் சளியைப் பற்றி, குறட்டையைப் பற்றி, சொல்லக் கூடாத இன்னும் சிலவற்றைப் பற்றி விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆனாலும் பள்ளி வேறு இடம், அங்கே வகுப்பு எடுப்பதும் வேறு டீச்சர். முதல் நாள் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே கோமதி நெளிந்தாள். கால் மாற்றி நின்றாள். அவசரம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கத்த வாயெடுத்தபோது, பக்கத்துத் தூணுக்குப் பின்னால் மங்கு டீச்சரைக் கண்டேன். இரண்டு கன்னமும் பந்துபோல உப்பியிருந்தன. வாய் நிறையத் தண்ணீர். கண் இரண்டும் கோமதி மேல்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

"டீச்சர், ஒண்ணுக்குப் போவணும்," என்றாள் கோமதி, அந்தக் கட்டடமே கேட்கும்படி.

மங்கு டீச்சர் தண்ணீரைப் புல்லில் துப்பிவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்தார், கூடவே கண்ணையும். எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. கைகூப்பி நன்றி சொல்லப் போனேன். விசும்பல்தான் வந்தது.

டீச்சர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சொன்னார்: "அழறதா இருந்தா வீட்டுல போயி அழுங்க. இங்க புள்ளைங்க இருக்கு."